தலைவர் அவர்களின் அக்கா

டாட்ஸன் கிரீக்
பிப்ரவரி 3

அன்புள்ள தம்பி லோவலுக்கு,

இங்கே நலம். நீயும் நலம் என்று பத்திரிகைப் படத்தில் தெரிந்தது. மின்னஞ்சல் அனுப்பினால், "மதிப்புமிக்க குடிமகளே, உங்கள் கருத்துக்கு நன்றி" என்று உன் அலுவலகம் பதில் போடுகிறது. ஆகவே தபால்தலை ஒட்டுகிறேன்.

தீயணைப்பு நிலையத்தின் பான்கேக் விருந்தில் நீ பேசியதைக் கேட்டேன். அடுப்படியில் நின்றிருந்தேன், உன் தட்டில் விழுந்ததெல்லாம் நான் புரட்டிப் போட்டவை. "குறைஞ்ச சம்பளக்காரங்களுக்கு வரியில திருப்பித் தர்ற சலுகையை எடுத்துடணும். உழைக்காம கை நீட்டுறவங்களை நாம வளர்க்கக் கூடாது" என்றாய். நல்ல கைதட்டல். பான்கேக்குக்கும் கிடைத்தது.

தம்பி, அந்தச் சலுகை உழைக்கிறவர்களுக்கு மட்டுமே. சம்பளம் இல்லாதவருக்குக் கிடையாது. விடியுமுன் முதியோர் இல்லத்துக்குப் போய், ஒரு கூடம் நிறையப் பெரியவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, உட்காரவைக்கிறேன். இதை உழைப்பில்லை என்கிற சட்டமன்ற உறுப்பினர் யாராவது இருந்தால் ஒரு நாள் அனுப்பிவை. அந்தச் சலுகையில்தான் போன வருடம் கார் பிழைத்தது. இந்த ஊரில் கார் இல்லையென்றால் வேலை இல்லை. விவாகரத்துக்குப் பிறகு இரண்டு பிள்ளைகளோடு நான் நிமிர்ந்து நிற்பது இப்படித்தான்.

சலுகையை ஒழிக்கும் மசோதா சட்டமன்றத்தில் நீ தலைவராயிருக்கும் வரிக்குழுவுக்கு வருகிறதாம். அங்கேயே நிறுத்திவிடு.

அன்புடன்,
அக்கா மார்லிஸ்

*

தலைநகர்
பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

பான்கேக் அருமை. நான் சொன்னது உன்னைப் பற்றி அல்ல. பொதுவாக மக்களைப் பற்றி.

நீ அந்தச் சலுகை வாங்குகிறாய் என்பது எனக்குப் புதிய செய்தி. மற்றவர்களுக்கு அது செய்தியே ஆகாமல் இருப்பது நல்லது. நவம்பரில் தேர்தல். "வரிக்குழுத் தலைவரின் அக்காவே வாங்குகிறார்" என்று எதிராளி சுவரொட்டி அடிக்க ஒரு மணி நேரம் போதும்.

இத்துடன் ஒரு காசோலை. சலுகை போனால் உனக்கு வரும் நட்டத்துக்கு இது ஈடாகும். வருடாவருடம் அனுப்புவேன்.

19ஆம் தேதி பொது விசாரணை. எந்த மசோதாவானாலும் யார் வேண்டுமானாலும் வந்து மூன்று நிமிடம் பேசலாம் என்பது நம் மாநிலத்தின் பெருமை. யார் வேண்டுமானாலும் என்றால் நீ என்று பொருளல்ல. வந்தே தீருவேன் என்றால், தயவுசெய்து என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

பாசத்துடன்,
லோவல்

*

டாட்ஸன் கிரீக்
பிப்ரவரி 13

தம்பி,

காசோலை திரும்பி வருகிறது. மடிப்புக் கலையாமல் இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன்னிடம் வாங்கினால் அது தர்மம். வரியில் வந்தால் என் உழைப்புக்கு மரியாதை. பக்கத்து வீட்டு டோரி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அவளும் வாங்குகிறாள். அவளுக்குச் சட்டமன்றத்தில் தம்பி கிடையாது. அவளுக்கு யார் காசோலை எழுதுவது?

19ஆம் தேதிக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டேன். கவலைப்படாதே, உன்னை எனக்குத் தெரியாது.

மார்லிஸ்

*

டாட்ஸன் கிரீக்
பிப்ரவரி 20

மாண்புமிகு வரிக்குழுத் தலைவர் அவர்களுக்கு,

பதிவில் ஒரு பிழை திருத்தக் கோரி எழுதுகிறேன். சலுகை வேண்டும் என்பவள் ஆதலால், முதலில் ஆதரிப்போரைக் கூப்பிட்டதும் போய் நின்றேன். அது மசோதாவை ஆதரிப்போர் வரிசை, அதாவது சலுகையை ஒழிக்கச் சொல்கிறவர்கள் வரிசை என்று பின்னால் நின்ற கோட்டுக்காரர் சொன்னபோது, நான் நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. நம் குடும்பத்தில் எழுந்து ஓடும் வழக்கம் கிடையாது.

"உங்க பேரை எழுத்துக்கூட்டிச் சொல்லுங்க" என்றீர்கள். எல்லோரிடமும் கேட்பதுதான். சொன்னேன். குசெரா என்ற நம் குடும்பப் பெயரை, அப்பா சொல்லிக்கொடுத்தபடி, ஒவ்வோர் எழுத்தாக உங்களுக்கே சொன்னேன். நீங்கள் குறித்துக்கொண்டீர்கள்.

உங்கள் குழுவின் மூத்த உறுப்பினர், பெரியவர் ஹோல்ம்பெர்க் கேட்டார்: "ஏம்மா, அந்தப் பணத்தை என்ன பண்ணுவீங்க?"

"காருக்கு டயர் மாத்துவேங்க."

"டயர் எதுக்கு?"

"வேலைக்குப் போக."

"வேலைக்கு எதுக்குப் போறீங்க?"

"போனாத்தானேங்க அந்தப் பணம் தருவீங்க!"

சிரித்தார்கள். பிறகு அவரே, "உங்க பேரும் தலைவர் பேரும் ஒண்ணா இருக்கே, சொந்தமா?" என்றார்.

உங்களைப் பார்த்தேன். நீங்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தீர்கள்.

"எங்க பக்கம் அந்தப் பேரு நிறைய பேருக்கு உண்டுங்க" என்றேன்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். மூன்று நிமிடம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டதால் கிளம்பிவிட்டேன். இனி எழுதித் தொந்தரவு செய்வதாக இல்லை.

இப்படிக்கு,
குடிமகள் மார்லிஸ் குசெரா

*

தலைநகர்
பிப்ரவரி 22

என் அக்காவுக்கு,

பதிவைத் திருத்த விதி இடம் தராது. வருத்தப்படாதே. ஆதரிப்போர் பேசும்வரை எட்டு உறுப்பினர்களும் இருப்பார்கள். எதிர்ப்போர் முறை வரும்போது பாதிப் பேர் காபிக்குப் போயிருப்பார்கள். சரியான வரிசையில் நின்றிருந்தால் நீ காலி நாற்காலிகளிடம் பேசியிருப்பாய்.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. ஹோல்ம்பெர்க் என் பக்கம் சாய்ந்து, "கெட்டிக்காரப் பொம்பளைப்பா. உன் சொந்தமா இருந்தா நீ பெருமைப்படலாம்" என்றார்.

தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தேன். ஒலிவாங்கியை இழுத்தேன். "இப்ப பேசிட்டுப் போனவங்க என் கூடப் பிறந்த அக்கா. இந்தச் சலுகையை உழைச்சு வாங்குறாங்க. ரெண்டையும் பதிவில எழுதிக்கங்க" என்றேன்.

ஹோல்ம்பெர்க் உடனே, "அப்போ அவங்களையே தலைவராப் போட்டிருக்கலாமே" என்றார். அதுவும் பதிவில் இருக்கிறது.

மாலையில் வாக்கெடுப்பு. ஒழிக்க நால்வர், கூடாதென்று நால்வர். ஐந்து கை தூக்காமல் மசோதா குழுவைத் தாண்டாது, தாண்டவில்லை. கூடாதென்று தூக்கிய கைகளில் ஒன்று ஹோல்ம்பெர்க்குடையது, ஒன்று என்னுடையது. நவம்பருக்கு வேறு ஆள் தேடுவதாகக் கட்சி அலுவலகம் தெரிவித்தது. நல்ல ஆளாகத் தேடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் தம்பி,
லோவல்

*

டாட்ஸன் கிரீக்
பிப்ரவரி 26

அன்புள்ள தம்பிக்கு,

விசாரணையை இந்த வாரம்தான் உள்ளூர்த் தொலைக்காட்சியில் போட்டார்களாம். இல்லத்துக் கூடமே உட்கார்ந்து பார்த்ததாம். மறுநாள் திருமதி வானெக் என்னிடம் குளிக்கவே மறுத்துவிட்டார்: "டிவியில வந்தவ எனக்கு முதுகு தேய்க்கிறதா? மரியாதையா இருக்காது." பேசிச் சம்மதிக்கவைக்க அரை மணி ஆயிற்று. டோரி பேருந்து ஹாரனை அடித்துக்கொண்டே என் வாசலைத் தாண்டுகிறாள்.

சலுகைக்காக உனக்கு நன்றி சொல்ல மாட்டேன். சொன்னால் அது நீ கொடுத்ததாகிவிடும். அது எங்களுடையது. நீ எடுக்காமல் இருந்தாய், அவ்வளவுதான்.

ஊர் முழுக்கக் கேட்கும்படி என்னை அக்கா என்றாயே, அது நீ கொடுத்தது. வாங்கிக்கொண்டேன்.

உன் கூடப் பிறந்த,
மார்லிஸ்