மீன் தோல், நூறு சதவீதம்

மார்ச் 3

துரையின் வலது காதில் மறுபடியும் சீழ். வயிற்றில் முடியே இல்லை. முன்னங்கால் இரண்டையும் சதை தெரியக் கடித்து வைத்திருக்கிறான். நாய் மருத்துவரம்மா இன்று சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். ஈரல் ஏற்கெனவே கெட்டுக் கிடப்பதால் மருந்தை இப்படியே கொடுத்துக்கொண்டு போக முடியாது. கோழியும் மாடும் அவன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகப்படுகிறார். அதனால் எட்டு வாரத்துக்கு வேகவைத்த மீன், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, தண்ணீர். இதைத் தவிர ஒரு துணுக்கு உள்ளே போனாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அரிப்பு குறைந்தால் உணவுதான் காரணம், பிழைத்துக்கொள்வான். குறையாவிட்டால் என்ன என்று கேட்டேன்.

"அப்போ சாப்பாடு காரணம் இல்லன்னு அர்த்தம். அதுக்கப்புறம் இவனை எத்தனை நாள் வதைக்கப் போறோம்னுதான் பேசணும்."

அக்கா அவன் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 4

கடிக்க ஏதாவது வேண்டும். வாய் சும்மா இருந்தால் சொந்தக் காலைத் தின்கிறான். கடிக்கிற பண்டமும் மீனாகவே இருக்கட்டும் என்று மருத்துவரம்மா சொன்னார்.

கடையில் ஒரு சுவர் முழுக்கத் தொங்குகிறது. எல்லாவற்றிலும் 'இயற்கை'. அந்த வார்த்தையைப் போட யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை, எனக்குத் தெரியாதா? பதினேழு வருடமாக அச்சகத்தில் பாக்கெட் லேபிள்களுக்கு ப்ரூஃப் பார்ப்பவன் நான். தோல் சுருள் வேண்டாம், அது மாடு. இறுகக் காய்ச்சிய பால்கட்டியும் மாட்டிலிருந்து வந்ததுதான். மான்கொம்பு போன வருடம் ஒரு கடைவாய்ப் பல்லை உடைத்துவிட்டது. வெந்த எலும்பு ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். முயல் காது என்று ஒன்று வைத்திருந்தார்கள். எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்குக் கடைக்காரர், முயலிடமிருந்துதான் சார் என்றார்.

கடைசியில் சின்ன பாக்கெட் ஒன்று. 'மீன் தோல், 100 சதவீதம்.' எங்கள் அச்சகத்தில் அடித்த லேபிள். நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டது. வேறு என்ன உத்தரவாதம் வேண்டும்? ஆறு பாக்கெட் வாங்கினேன்.

அக்கா பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, இது வெறும் மீன் வாசனை மாதிரி இல்லையே என்றாள். எழுதியிருப்பதைப் படி என்றேன்.

மார்ச் 22

குறையவில்லை. பொறுமையாக இருக்கச் சொல்கிறார்கள்.

ஏப்ரல் 5

துரை என்று பெயர் வைத்தது வீண்போகவில்லை. மீன் துண்டு பெரிதாக இருந்தால் நம்மை ஒரு பார்வை பார்க்கிறான், உதிர்த்துக் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த மீன் தோலைப் பார்த்தால் மட்டும் குட்டி நாயாகிவிடுகிறான். அரை மணி நேரம் மென்றுகொண்டே இருப்பான். அதற்குப் பிறகு சாயங்காலம் முழுக்கச் சொறிச்சல்.

இன்று அக்கா தையல் மெஷினில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டாள், அவன் காலடியில் படுத்திருந்தான். கீழே பார்த்தால் தூள். அதட்டினேன். எழுந்து போய் ஈரத்துணி கொண்டுவந்து துடைத்தாள். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்பிள்ளையைத் தரையைத் துடைக்க வைத்தேன். வேறு வழி?

ஏப்ரல் 17

கழுத்திலும் புண்.

யாரோ கொடுக்கிறார்கள். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். நான் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 28

எட்டு வாரம் முடிந்தது. மருத்துவரம்மா அவனைப் புரட்டிப் பார்த்தார், பேனாவை மூடி வைத்தார், நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. இடையில் வேறு எதுவும் சாப்பிடவே இல்லையா என்று கடைசியாக ஒருமுறை கேட்டார். இல்லை என்று நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"நான் குடுத்தேன். கோழி. நாலஞ்சு தடவை."

மருத்துவரம்மா அவளை ஒரு நிமிடம் பார்த்தார். அப்படியென்றால் இந்த எட்டு வாரமும் செல்லாது, முதலிலிருந்து ஆரம்பியுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். என்னென்னவோ சொன்னேன். எட்டு வாரம் அந்த வாயில்லா ஜீவன் பட்டது உனக்குக் கண்ணில் தெரியலையா? மனுஷியா நீ? புருஷன் வீட்டிலும் இப்படித்தான் ரகசியமாக எதையாவது செய்துகொண்டிருந்தாயா? — ஆம், அதையும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அவள் செய்ததை நினைத்தால் இப்போதும் ஆறவில்லை.

அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "முதல்லேர்ந்து ஆரம்பி தம்பி. அதான் சொல்லிட்டாங்கல்ல."

மே 2

அடுத்த எட்டு வாரமும் நீ இங்கே இருந்தால் சரிப்படாது என்று சொல்லிவிட்டேன். சித்தி மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஆறு வருடம் முன்பு புருஷனை விட்டு வந்தபோது கொண்டுவந்த அதே பையோடு போனாள். மெஷினை அப்புறம் எடுத்துக்கொள்வாளாம். துரை வாசல் வரை போய் உட்கார்ந்துகொண்டான். கூப்பிட்டும் வரவில்லை.

மே 11

சமையலறையில் கோழி என்ற பேச்சே கிடையாது. நானும் மீன்தான், கிழங்குதான். கழுவித் துடைத்த தட்டு. இனி யார் கெடுக்கிறார்கள் பார்க்கலாம்.

மே 26

அக்கா போய் இருபத்து நாலு நாள். அரிப்பு அப்படியே இருக்கிறது. காதில் ரத்தம்.

வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.

மே 27

எழுதக் கை வரவில்லை. எழுதியே ஆக வேண்டும்.

கடையில் சின்ன பாக்கெட் தீர்ந்துவிட்டது, பெரியதை எடுத்துக் கொடுத்தார்கள். அதே பெயர், அதே படம். பழக்கதோஷம், பின்பக்கம் படித்தேன். கடைசியில் இரண்டு வரி பொடி எழுத்தில்: சுவைக்காகக் கோழிச்சாறு பூசப்பட்டது, கோழி ஒவ்வாமை உள்ள நாய்களுக்குத் தவிர்க்கவும்.

சின்ன பாக்கெட்டில் அந்த இரண்டு வரி இல்லை.

அச்சகத்துக்கு ஓடிக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். சின்ன அளவுக்கு இடம் போதாதென்று கம்பெனிக்காரர்கள் அனுப்பிய மூலத்திலேயே அந்த இரண்டு வரியை எடுத்திருக்கிறார்கள். மூலத்தில் இல்லை, ப்ரூஃபிலும் இல்லை. இரண்டும் ஒத்துப் போகிறது. கீழே 'சரி', என் கையெழுத்து, தேதி. ஒரு எழுத்துப்பிழை கிடையாது. மேலாளரிடம் காட்டினேன். மூலத்தில் இல்லாததற்கு நாம என்ன சார் பண்றது, விடுங்க என்றார். நேற்று வரை யாராவது கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பன்னிரண்டு வாரமாக என் கையாலேயே ஊட்டியிருக்கிறேன். மண்டியிட்டு, கொஞ்சி, ஊட்டியிருக்கிறேன்.

மே 28

அப்படியானால் அக்கா கொடுக்கவே இல்லை.

கொடுக்காதவள் கொடுத்தேன் என்று ஏன் சொன்னாள்? நேற்றிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் தெரியாமல் இல்லை. அன்றைக்கு நாங்கள் யாரும் எதுவும் கொடுக்கவில்லை என்று ஆகியிருந்தால், உணவு காரணம் இல்லை என்று முடிவாகி, மருத்துவரம்மா அந்த வாரமே துரையின் கடைசி ஊசிக்கு நாள் குறித்திருப்பார். இன்னொரு எட்டு வாரம் கிடைக்க வேண்டுமென்றால் யாராவது தப்புச் செய்திருக்க வேண்டும். அவள் செய்ததாக ஏற்றுக்கொண்டாள். நான் அவளை வெளியே போகச் சொன்னேன்.

ஜூன் 9

மீன் தோலை நிறுத்திப் பன்னிரண்டு நாள். நேற்று மதியம் ஒருமுறைகூடச் சொறியாமல் தூங்கினான்.

ஜூன் 12

அக்காவைப் பார்க்கப் போகவில்லை. வேலை இருந்தது. பொய். வேலை ஒன்றும் இல்லை.

ஜூன் 21

போனேன். சித்தி மகள் வீட்டில் அவள் இல்லை. ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகள் தைக்கிற வேலை கிடைத்துப் பக்கத்திலேயே தனி அறை எடுத்துப் போய்விட்டாளாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

ஒரு ஜன்னல், ஒரு கட்டில், ஒரு அடுப்பு. உட்காரச் சொன்னாள். இரண்டு பாக்கெட்டையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் முழுக்கப் படித்தாள். துரை எப்படி இருக்கிறான் என்று கேட்டாள். வயிற்றில் முடி முளைக்கிறது என்றேன். அப்போதுதான் முகம் கொஞ்சம் தெளிந்தது.

மன்னித்துவிடு என்று சொன்னேன். அழுதேன்கூட. வீட்டுக்கு வா என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் குடுத்தேன்னு சொன்னப்போ, இவ அப்படிச் செய்யமாட்டாளேன்னு உனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோணலையே தம்பி. டாக்டருக்கே தோணுச்சு. அவங்க என்னைப் பார்த்த பார்வையிலயே தெரிஞ்சுது. நீ கூடப்பிறந்தவன்."

நான் இரண்டு பாக்கெட்டையும் கட்டிலிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

"இங்க எனக்குன்னு ஒரு சாவி இருக்கு. நான் இங்கயே இருந்துக்கறேன். மெஷினை மட்டும் ஆள் வெச்சு அனுப்பிடு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நாலு நாள் கழித்துத் திரும்பப் போய்க் கேட்டிருப்பேன்.

ஜூன் 23

மெஷினை அனுப்பிவிட்டேன். அது நின்ற இடத்தில் தரை வேறு நிறமாக இருக்கிறது. துரை அங்கே போய்ப் படுக்கிறான்.

ஜூன் 30

மருத்துவரம்மா காதைப் பார்த்துவிட்டு, பிழைத்துவிட்டான் என்றார். உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார் என்றார். சொல்கிறேன் என்றேன். கடிக்க என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். எதுவும் கொடுப்பதில்லை. பாக்கெட்டில் வருகிற எதையும் இனி வாங்குவதாக இல்லை. அவனோ மேஜைக் காலைக் கடிக்க ஆரம்பித்துவிட்டான்.

ஜூலை 14

துரை தேறிய செய்தியைச் சித்தி மகளிடம் சொல்லியனுப்பியிருந்தேன். மேஜைக் காலையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. இன்று அவள் வழியாக ஒரு துணிப்பை வந்தது. விரிப்புத் துணியில் தைத்தது, தையல் பார்த்தாலே தெரிகிறது. உள்ளே நீள நீளமாக அரிந்து வெயிலில் காயவைத்த கிழங்குத் துண்டுகள், தோல் மாதிரி வளைகின்றன. மடித்த காகிதத்தில் அக்காவின் கையெழுத்து: 'சர்க்கரைவள்ளிக்கிழங்கு மட்டும். வேறு எதுவும் சேர்க்கவில்லை.' எனக்கு என்று ஒரு வார்த்தையும் இல்லை. முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் பார்த்துவிட்டேன்.

முகர்ந்து பார்க்கவில்லை, உடைத்துப் பார்க்கவில்லை. ஒரு துண்டை எடுத்துத் துரைக்குக் கொடுத்தேன்.