மழை நாளில் நின்ற மிஷின்

பேருந்து ஆம்பூரைத் தாண்டும்போது ஈரத்தோல் வாடை ஜன்னல் வழியே வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு உன் நினைவு வந்தது.

எண்பதுகளின் கடைசியில் நாம் வேலை பார்த்த, தோல் பதனிடும் டேனரி ஆபீசில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்குப் புரோகிராம் எழுத நீயும் நானும். பொறுப்பு உன்னுடையது. வந்து இறங்கும் ஒவ்வொரு லாட் தோலின் கணக்குக்கும் புரோகிராம் மெமரியில் கொஞ்சம் இடம் எடுக்கும். வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். எங்கேயோ தராமல் விட்டிருந்தோம். இடம் தீர்ந்து, மத்தியானத்துக்குள் மிஷின் நின்றுவிடும். அணைத்துப் போட்டால் மறுபடி ஓடும்.

நின்ற நேரத்தை நீ தினமும் நோட்டில் குறித்தாய். ஒருநாள் என்னிடம் காட்டினாய்.

"மழ நாள்லதாம்பா சீக்கிரம் நிக்குது. இன்னாமோ இருக்கு."

நான் சிரித்தேன். ஆபீஸ் முழுக்கச் சொல்லியும் வைத்தேன். அப்புறம் மேனேஜர் உன்னைப் பார்க்கும்போதெல்லாம் மிஷினுக்கு ஜலதோஷமா என்று கேட்பார். மூன்றாம் மாதம் உன்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

நீ போன பிறகு பெய்த மழையில்தான் எனக்கு உறைத்தது. மழையில் தோல் சரியாகக் காயாது, பூஞ்சை பிடிக்கும், ரிஜெக்ட் ஜாஸ்தியாகும். ரிஜெக்ட் ஆன லாட்டுக்கு எடுத்த இடத்தை மட்டும் புரோகிராம் திருப்பித் தரவில்லை. அந்தப் பகுதியை எழுதியவன் நான். ஒரே ஒரு வரி சேர்த்தேன். அதன்பின் மிஷின் நிற்கவே இல்லை. மேனேஜர் என் தோளைத் தட்டினார். உண்மையைச் சொன்னால் என் வேலையும் போகும் என்று பயந்தேன். வெட்கக்கேடு என்னவென்றால், அவர் தட்டிக்கொடுத்தது எனக்குப் பிடித்தும் இருந்தது. உனக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாம். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இரண்டு வருஷம் ஓடியது. அதற்குள் நீயே போய்விட்டாய்.

துக்கம் விசாரிக்கக் குடியாத்தத்தில் உன் வீட்டுக்கு வந்தேன். உன் மனைவி அந்தப் புரோகிராமின் பிரிண்ட் தாள்களை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். எங்கே தப்புப் பண்ணினேன் என்று கேட்டுக்கொண்டே கடைசிவரை நீ இதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தாயாம். நீ எழுதிய பக்கங்கள் முழுக்கப் பென்சில் கோடு. அழித்து அழித்துத் தாள் நைந்திருந்தது. நான் எழுதிய பக்கங்களில் ஒரு கோடுகூட இல்லை. என்னை நீ சந்தேகப்படவே இல்லை.

"உங்களுக்காவது தெரிஞ்சுதாண்ணா?" என்று கேட்டார்.

"இல்லம்மா" என்றேன்.

உன்னிடமிருந்து எத்தனையோ கற்றேன். என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான்.