காலி செய்து காட்டிய கொல்லைப்புறம்

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று அடுத்த வரியை எழுதத்தான் கை போகிறது, ஆனால் பதினாறு நாளாகப் போனில் அதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, கடிதத்திலாவது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா விழுந்துவிட்டார். பதறாதே, எலும்பு தப்பியது, முழங்கால் தோல் கிழிந்து வீங்கியிருந்தது, இப்போது வற்றிவிட்டது. நீ கேட்டபோதெல்லாம் தூங்குகிறார் என்றேனே, அவர் தூங்கவில்லை, பக்கத்தில்தான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். விழுந்த நாளிலிருந்து போன வாரம் வரைக்கும் பின்வாசலைத் தாண்டவே மாட்டேன் என்றார். டாக்டரிடம் சொன்னேன், இப்படியே ஒரு மாதம் உட்கார்ந்திருந்தால் பக்கவாதம் வந்த அந்தக் கால் மறுபடி நடக்காது என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லிவிட்டார். எங்கே விழுந்தார் என்று கேட்பாய். நீ போட்டுக்கொடுத்த புதுத் தோட்டத்தில்தான்.

உன்மேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை, தப்பு என்னுடையது. தோட்டத்தை வரைகிற அந்தப் பெண் முதல் முறை இடம் பார்க்க வருகிறாள் என்று நீ சொன்ன அன்று, விடிந்ததிலிருந்து நான் கொல்லைப்புறத்தைக் காலி செய்தேன். துணிக்கொடியை அவிழ்த்தேன், துவைக்கிற தொட்டியைப் பழைய சாக்கைப் போட்டு மூடினேன், அப்பா நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிற முக்காலியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். கடைசியில் அப்பாவையும் ஆட்டோவில் ஏற்றி அத்தை வீட்டுக்கு அனுப்பினேன். உன் அத்தை வாயைத்தான் உனக்குத் தெரியுமே, "எங்கண்ணன் என்ன பழைய பாயா, ஆள் வர்றப்ப சுருட்டி எங்க வீட்ல வெக்கிறதுக்கு" என்று போனிலேயே கேட்டாள். அப்போது எனக்குக் கோபம் வந்தது, இப்போது வரவில்லை. இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவள் நான். பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்றால் வராந்தாவில் பாயில் கிடக்கிற நோயாளிகளை எல்லாம் சாமான் வைக்கிற கிட்டங்கிக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுத் தரையைப் பளபளவென்று காட்டச் சொல்வார்கள், நாங்களும் காட்டுவோம், அவரும் பார்த்துவிட்டு இங்கே கட்டில் எல்லாம் போதும் என்று எழுதிவிட்டுப் போவார். அதைத் திட்டித் தீர்த்தவள் வீட்டில் அதையேதான் செய்தேன்.

அந்தப் பெண் நல்ல பெண், அவளைக் குறை சொல்லக் கூடாது. வெயில் காலையில் எங்கே விழுகிறது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, யார் யார் இங்கே புழங்குகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். வீட்டுக்குப் பின்னால் புது அறை கட்டும் முன்பே கூப்பிட்டிருக்கலாமே என்றாள், கொத்தனார் உடைத்த கல்லையும் சிமெண்ட்டையும் அங்கேயே புதைத்து மேடாக்கிவிட்டுப் போயிருந்தார், அதைத் தோண்டி எடுத்த பிறகுதான் மண்ணே தெரிந்தது. வீட்டில் யாருக்காவது நடக்கச் சிரமம் உண்டா என்று அவள் தனியாகவே கேட்டாள். "ரெண்டே பேர்தாம்மா, நல்லாவே நடப்போம்" என்றேன். அவளுடைய செருப்பையும் கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டே சொன்னேன் என்பது எனக்கே நினைவிருக்கிறது. அவள் என்ன செய்வாள், நன்றாக நடக்கிறவர்களுக்குத் தோட்டம் வரைந்தாள். புல்தரை, அதன் நடுவே எட்டு வைத்துத் தாண்டுகிற மாதிரி தனித்தனிக் கல், ஓரத்தில் கூழாங்கல், ஆறு பேர் உட்கார வளைந்த இருக்கை. நீ படத்தைப் பார்த்துவிட்டு அருமை என்றாய்.

வேலைக்கு நாலு பேர் வந்தார்கள். ஆறு பேருக்கு இருக்கை கட்டியவர்கள் தெருவில் குந்திச் சாப்பிட்டார்கள். உள்ளே வந்து உட்காருங்கள் என்று கூப்பிட்டால் சூப்பர்வைசர் என்னை முறைக்கிறான், என் வீட்டில் நின்றுகொண்டு. கல் பதிக்கிறவர் ஜன்னல் வழியாக அப்பா தடியூன்றி நடப்பதைப் பார்த்திருக்கிறார், அவர்தான் முதலில் கேட்டார், "அம்மா, இந்தக் கல்லுல ஐயா கால் வெப்பாரா?" என்று. நான் வாயைத் திறப்பதற்குள் சூப்பர்வைசர், "நீ கல்ல வெய்யி, யார் நடக்கிறாங்கன்னு பாக்க மேடம் இருக்காங்க" என்றான். மேடத்துக்கு நான் பொய் சொன்னது அவனுக்கு எங்கே தெரியும். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நடுவில் எதையாவது சொல்லிக் குழப்பாதீங்கம்மா, அவங்க படிச்சவங்க என்று நீ சொல்லியிருந்தாய், அதைச் சாக்காக வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். வேலை முடிந்த மூன்றாம் நாள், இரண்டு கல்லுக்கு நடுவே தடி இறங்கியது, அப்பா கூழாங்கல்லில் விழுந்தார். தூக்கி உட்கார வைத்தபோது என்னைத் திட்டவில்லை. "பாக்க நல்லாத்தான் இருக்கு. நான் ஜன்னல்லயே பாத்துக்கறேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

போன வாரம் நானே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு வரச் சொன்னேன். இந்த முறை எதையும் ஒளிக்கவில்லை. கொடி கட்டி ஈரத்துணியைக் காயப்போட்டேன், தொட்டியைத் திறந்து வைத்தேன், முக்காலியை எடுத்துப் போட்டேன், அப்பாவைப் பின்வாசலில் நாற்காலியில் உட்கார வைத்தேன். அவள் வந்து சொட்டுகிற துணிக்கு நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள். கத்தப்போகிறாள், செய்த வேலையைக் கெடுத்துவிட்டீர்கள் என்பாள் என்று நினைத்துத் தயாராக இருந்தேன். "இதத்தாம்மா நான் அன்னைக்குப் பாக்க வந்தேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பிறகு அப்பா முன்னால் தரையில் உட்கார்ந்து, எவ்வளவு தூரம் நடந்தால் களைப்பு வரும் என்று கேட்டாள். வழக்கம்போல நான் முந்திக்கொண்டு, குழாய் வரைக்கும் போய்த் திரும்புவார் என்றேன். அப்பா என்னைப் பார்க்காமல் அவளிடம் சொன்னார்: "பன்னெண்டு அடி. பதிமூணாவது அடிக்கு இவ தோளப் பிடிக்கணும்னு இருக்கும். பிடிக்கிறதில்ல."

தம்பி, பக்கவாதம் வந்ததிலிருந்து எட்டு மாதமாக அவர் பின்னாலேயே நடக்கிறேன், எனக்கு இது தெரியாது. அந்தப் பெண் சாக்கட்டியை எடுத்தாள். அப்பா எழுந்தார், நான் எழுப்பவில்லை, அவராக. அவர் அடி வைக்க வைக்க அவள் குனிந்து கோடு போட்டுக்கொண்டே போனாள், சுவரை ஒட்டின வெறும் சிமெண்ட் விளிம்பில்தான், அந்தக் கல்பக்கம் போகவில்லை. பன்னிரண்டாவது கோட்டில் முக்காலியை வைத்தாள். அவர் உட்கார்ந்தார், மூச்சு வாங்கிவிட்டு மறுபடி எழுந்தார்.

புது வரைபடம் இதோடு வைத்திருக்கிறேன். மேடு பள்ளம் இல்லாத அகலப் பாதை, தண்ணீர் தேங்காமல் இருக்க லேசான சரிவு, ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளக் கம்பி, பன்னிரண்டு அடிக்கு ஒரு இருக்கை. மேற்கு வெயிலில் துணிக்கொடி. கல்லைப் பெயர்க்க அதைப் பதித்த அதே ஆளைத்தான் கேட்டிருக்கிறேன், உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவதாக இருந்தால் வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். நீ ஆசைப்பட்ட புல்தரை இருக்காது, நண்பர்களுக்கு அனுப்புகிற மாதிரி படமும் வராது. மனதில் வைத்துக்கொள்ளாதே. நாளைக்கு நீ அங்கே வீடு கட்டினால் இடம் பார்க்க ஆள் வருவதற்கு முன்னால் எதையும் பெருக்கி ஒளித்து வைக்காதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு, மருமகளையும் வேலை வேலை என்று அலையவிடாதே. இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், வேறு என்ன கேட்கப் போகிறேன். ஒன்று மட்டும் மறக்காதே. இனிமேல் போன் செய்தால் அப்பா எப்படி இருக்கிறார் என்று என்னிடம் கேட்காதே. போனை அவரிடம் கொடுக்கச் சொல்லி, அவரையே கேள். பதில் வர நேரமாகும், காத்திரு.

என்றும் உன் நினைப்பில்,
அம்மா