மஞ்சள் கோடு வரைக்கும் மறுசோறு

மே 2, வெள்ளி

விடியும்போதே தூறல். மூட்டை கட்டும் வேலை. சாமை அரிசி இரண்டு மூட்டை, மொச்சை, மிளகு, ஒரு முழுப் பலாப்பழம், எங்கள் மகளிர் குழுவின் நீளக் கரண்டி. கல்யாணச் சமையலுக்காக வாங்கியது, என் தோள் உயரம் இருக்கும். பஸ்ஸில் கண்டக்டர் அதைப் பார்த்து, "இதுக்கு அரை டிக்கெட் போட்டுரட்டுங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவைத் தவிர.

மலை இறங்கி முள்ளுக்குறிச்சி வரும்வரை அம்மா மூட்டை முடிச்சையே இறுக்கிக்கொண்டிருந்தாள். காரணம் எனக்குத் தெரியும். சேலத்தில் புதிதாகத் திறந்திருக்கும் ஃபுட் ஹாலில் எங்கள் மகளிர் குழுவுக்கு மூலைக் கடை. சனி, ஞாயிறு மட்டும், சோதனைக்கு. சரியாக நடந்தால் வாராவாரம் தருவார்களாம். இல்லாவிட்டால் எங்கள் மேல்காட்டில் இந்த வருடம் சாமை கிடையாது, மரவள்ளிதான். அப்பா நடுவதற்குக் குச்சிகூட வெட்டி அடுக்கிவிட்டார். "வாங்க ஆளில்லாத சாமைய யாருக்கு வெதைக்கறது?" என்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தான். அதுதான் கஷ்டம்.

சேலத்தில் சின்னம்மா வீட்டில் தங்கல். மாலையில் ஃபுட் ஹாலில் சாமான் இறக்கப் போனோம். பார்த்தவை:

நகரும் படி. அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள்.

பதினெட்டுக் கடைகள். நடுவில் மேசைகள், எல்லாக் கடைக்கும் பொது.

கூரையில் குழாய்களெல்லாம் வெளியே தெரிகின்றன. இன்னும் கட்டி முடிக்கவில்லை போலிருக்கிறது என்றேன். "அதாண்டி ஸ்டைலு" என்றாள் சின்னம்மா.

உள்ளங்கை அகலத்தில் கறுப்பு வட்டு. பணம் கட்டியதும் தருவார்கள். சாப்பாடு தயாரானால் அது நடுங்கிச் சிவப்பாக மின்னும். உடனே எழுந்து ஓடிப்போய்த் தட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "சாப்பிட வந்தவங்கள ஓட உடறதா?"

மே 3, சனி

வெளியே கொளுத்தும் வெயில். ஹாலுக்குள் மார்கழி. சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, மிளகு ரசம், பலாச்சுளை.

முதலில் வந்தவர்கள் ஐந்து கல்லூரி அக்காக்கள். "சாமைன்னா என்ன, ரவையா?" நான் விதைப்பிலிருந்து தொடங்கி விளக்கினேன். கதிர் அறுப்புக்கு வந்தபோது சின்னம்மா, "சோறு ஆறுது கண்ணு, பாடத்த நிறுத்து" என்றாள். ஆனால் அவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்!

பிறகுதான் அது நடந்தது. எங்கள் ஊரில் மறுசோறு போடாமல் யாரையும் எழுப்ப மாட்டோம். எழுப்பினால் போய்வா என்று துரத்தியது மாதிரி. அம்மா வாளிகளையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு மேசை மேசையாகக் கிளம்பிவிட்டாள். மூன்று மேசை சரியாகப் போனது. நான்காவதில் கண்ணாடி போட்ட ஒருவர். அவர் தட்டில் ஒரு கரண்டி சோறு, அதன் மேல் ரசம்.

"அம்மா, நான் உங்க கடையே இல்லீங்க! இது பரோட்டா!"

"அதனாலென்னங்க சாமி, ஒரு வாய் சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டும் விட்டார். ஆனால் பரோட்டாக் கடை அண்ணன் நேராக மேற்பார்வையாளரிடம் போய்விட்டார். (மேற்பார்வையாளர் எழுத நீளம். இனி மே.பா.)

மே.பா. இளவயது. இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. குரலை உயர்த்தவே இல்லை. "அக்கா, இங்க செல்ஃப் சர்வீஸுங்க. இன்னொருக்கா டேபிள்கிட்டப் போனீங்கன்னா நாளைக்குக் கடை வேண்டாங்க."

அதற்குப் பிறகு அம்மா உள்ளேயே நின்றாள். தட்டில் அளந்து வைத்துத் தள்ளினாள், தலை நிமிராமல். நேரம் போகப் போக ஆள் குறைந்தது. கடை மூடும்போது அண்டாவில் பாதிச் சோறு.

வீட்டில் அம்மா: "போட்டது தப்பா கண்ணு?"

நான் யோசித்துச் சொன்னேன்: "பரோட்டா மேல போட்டது மட்டும் தப்பும்மா."

சின்னம்மா சிரித்துப் புரையேறி, அம்மாவும் சிரித்து, பிறகு அம்மா கொஞ்சம் அழுதாள்.

மே 4, ஞாயிறு

கை வலிக்கிறது. இருந்தாலும் எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

காலையில் பாத்திரம் கழுவும் இடத்துச் சுவரில் ஒரு தாள். கடைக்காரர்களுக்கான விதிகள், பதினான்கு. யாரும் படித்த மாதிரி தெரியவில்லை. நான் படித்தேன். ஒன்பதாவது: "கடைப் பணியாளர்கள் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது." கடைகளுக்கு முன்னால் நாலு எட்டு தள்ளித் தரையில் அந்தக் கோடு ஓடுகிறது. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"அப்ப கோடு வரைக்கும் போலாமில்ல?"

"போலாம்மா."

அம்மா அந்த நீளக் கரண்டியை எடுத்தாள்.

மதியம். கோட்டில் கால் விரலை வைத்து, கையை முழுக்க நீட்டி, முதல் மேசைக்குச் சோறு. எட்டியது! ஒரு பருக்கை கீழே விழவில்லை. நேற்றைய ஐந்து அக்காக்களும் இன்று எட்டுப் பேராக வந்திருந்தார்கள். இரண்டாவது மேசைக்குக் கரண்டி எட்டவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த அக்காக்களில் ஒருத்தி, "ஆண்ட்டி, நாங்க வரோம்" என்று நாற்காலியை இழுத்துக் கோட்டின் அந்தப் பக்கம் போட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் பக்கத்தில் இன்னொருத்தி. அப்புறம் ஒரு குடும்பம். அப்புறம் யார் யாரோ. கால் மணி நேரத்தில் மஞ்சள் கோடு நெடுக வரிசையாக ஆட்கள். சேலத்து ஃபுட் ஹாலில் ஒரு பந்தி! வட்டுகள் நடுங்கி மின்னிக்கொண்டே கிடந்தன, எடுப்பார் இல்லை.

"இங்க கொஞ்சம் ரசங்க!"

"நீங்க பாட்டுக்குப் போயிட்டே இருக்கீங்க, எனக்கு மொச்சையே வரலீங்க!"

"கண்ணு, அந்தக் கடைசித் தாத்தாவுக்குச் சுளை குடு." நான் கோட்டுக்கு இந்தப் பக்கமாகவே ஓடினேன்.

மே.பா. வந்தார். வரிசையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தார். அம்மாவின் காலையே பார்த்தார். சுவரிலிருந்து பெயர்த்து வைத்திருந்த தாளை நீட்டி, "தாண்டலீங்க சார். ஒன்பதாவது விதிங்க" என்றேன்.

"இத எழுதினதே நாந்தான், பாப்பா." சிரிக்கவில்லை. "ஒட்டினத எதுக்குக் கிழிச்சே?"

மன்னிப்புக் கேட்டேன். திரும்ப ஒட்டினேன். (கோணலாக.)

நாலரை மணிக்கு அண்டா காலி. ஐந்து மணிக்கு எங்களைக் கூப்பிட்டார். சனி, ஞாயிறு தர முடியாது, நடக்க வழியில்லாமல் போகிறது என்றார். அம்மா தலையாட்டினாள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முடிக்கவில்லை.

"புதன்கிழமை எடுத்துக்கறீங்களா? அன்னிக்கு இங்க ஈ ஓட்டிட்டு இருக்கோம். வாராவாரம். நாற்காலி நாங்களே போட்டுத் தர்றோம். ஆனா தலைக்குத் தொப்பி போடணுங்க."

"தொப்பி என்னங்க, தலப்பாவே கட்டிக்கறேன்" என்றாள் அம்மா.

சின்னம்மா என் கையை நசுக்கிவிட்டாள். அதனால்தான் வலி.

மே 5, திங்கள்

மலையில் நல்ல மழை, வீடு வந்து சேரும்போதே. அப்பா சாப்பிட உட்கார்ந்தார். மறுசோறு போடும்போது அம்மா சொன்னாள்: "புதன் புதனுங்க. வருசம் பூரா."

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். "வாரத்துக்கு ஒரு நாளுக்கு மேல்காடு முழுக்கவா?"

"முழுக்க வேண்டாங்க. பாதி. மீதியில உங்க மரவள்ளி."

"கெழக்குப் பாதியா, மேக்குப் பாதியா?"

"கெழக்குங்க. அங்கதான் சாமை நல்லா வரும்."

"அது எனக்குத் தெரியாதாக்கும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவினார். இப்போது தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, கிழக்குப் பக்கம் அடுக்கியிருந்த குச்சியையெல்லாம் மேற்கே மாற்றிக்கொண்டிருக்கிறார். மழை விடவில்லை. கூப்பிடுகிறார், ஓட வேண்டும்