மாத்திரைக்கு விடுமுறை

மார்ச் 3

அன்புள்ள சுண்டுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் கம்பெனியிலிருந்து நீ அனுப்பிய துளசித் தேநீர்ப் பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே கடிதம் இருக்கிறதா என்று நான்கு முறை உதறிப் பார்த்தேன். பெட்டி அனுப்பத் தெரிகிறது, இரண்டு வரி எழுதக் கை வலிக்கிறதோ துரைக்கு? போனில் பேசினால் எனக்கு இந்தக் காதோடு பாதிதான் விழும் என்று உனக்குத் தெரியாதா?

போகட்டும். இரண்டு மாதமாக எனக்கு விடாத இருமல். துணித்தூசிதான் காரணம். ஐந்நூறு யூனிஃபார்ம் ஒரே நேரத்தில் வந்து விழுந்தால் வேறென்ன ஆகும்? உன் தேநீரில் இரண்டு மிளகைத் தட்டிப் போட்டு, ஒரு துண்டு இஞ்சியும் நசுக்கிப் போட்டு, காலையும் மாலையும் குடித்தேன். எட்டாம் நாள் இருமல் போன இடம் தெரியவில்லை. "உன் தம்பி இலையை வித்து ஊரை ஏமாத்துறான்னு நெனச்சேன், பரவாயில்லையே!" என்று அத்தானே சொன்னார் என்றால் பார்த்துக்கொள்.

பெட்டியின் பின்பக்கத்தையும் படித்தேன். சளி, இருமல், மன உளைச்சல், சர்க்கரை எல்லாவற்றுக்கும் நல்லது என்று போட்டு, கடைசியில் "மாத்திரைக்கு விடுமுறை கொடுங்கள்!" என்று ஒரு வரி. அதைப் பார்த்ததுமே இது உன் கைவரிசை என்று தெரிந்துவிட்டது. அப்பா எழுதுவது மாதிரியே எனக்கு லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தவனாயிற்றே! "என் மகள் கடுங்காய்ச்சலில் பிதற்றுகிறாள்" என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு டீச்சர் ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா கேட்டபோது நான்தான் எழுதினேன் என்று சொல்லி அடி வாங்கினேன். அது ஞாபகம் இருக்கட்டும்.

பெட்டி அட்டையை வெட்டி தையல் மிஷினுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம் "என் தம்பி எழுதினது" என்று காட்டுகிறேன்.

உன் அன்பு அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

அட்டையை ஒட்டி வைத்தாயா? எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இங்கே பெட்டிக்கு ஆறு பேர் எழுதிக் கொடுத்ததில் நான் எழுதியதைத்தான் எடுத்தார்கள். அதனால் வேலையும் நிரந்தரமாகிவிட்டது. இதைச் சொல்லத்தான் கடிதம் எழுதாமல் வைத்திருந்தேன் (நம்பு).

என் மேஜை இலை காயவைக்கும் அறைக்கு அடுத்தது. வெயில் படாமல் தட்டுத் தட்டாக அடுக்கி, அடியில் காற்றை விட்டுக் காயவைப்பார்கள். கையால் எடுத்தால் நொறுங்க வேண்டும், அதுதான் பதம். சட்டை, சாப்பாட்டு டப்பா, தலைமுடி எல்லாம் துளசி வாசம்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் என்னை மோந்து பார்க்கிறார்கள்.

எங்கள் மேலாளர் ஒரு ஆள். "இருமலுக்கு நல்லதுன்னு மட்டும் போட்டா, இருமுறவன் மட்டும்தான் வாங்குவான். ஊர்ல பாதிப் பேருக்குச் சர்க்கரை இருக்கு, அவங்களை ஏன்யா விடுறீங்க?" என்பார். சிரிப்பாகத்தான் இருக்கும்.

இன்னும் நான்கு பெட்டி அனுப்பியிருக்கிறேன். அத்தானுக்கும் கொடு. பாப்பாவைக் கேட்டதாகச் சொல், காலேஜ் எப்படிப் போகிறது என்று எழுதச் சொல்.

அன்புத் தம்பி
சுண்டு

ஏப்ரல் 9

அன்புள்ள சுண்டுவுக்கு,

வேலை நிரந்தரமான செய்தியைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

இப்போது ஒரு விஷயம். கோபிக்காமல் கேள். மூன்று வாரமாக நான் சர்க்கரை மாத்திரை போடவில்லை. ஆறு வருடமாக அதைப் போட்டுப் போட்டு வயிறு புரட்டாத நாள் கிடையாது. இப்போது வயிறு லேசாக இருக்கிறது. தேநீரை நாளைக்கு மூன்று வேளையாக்கிவிட்டேன். இருமலை நிறுத்தியது, இதையும் நிறுத்தாதா?

அத்தான்தான் வீட்டை இரண்டாக்குகிறார். "டாக்டர் படிச்சாளா, உன் தம்பி படிச்சானா?" என்று கேட்கிறார். "என் தம்பி பொய் எழுதமாட்டான்" என்று சொன்னேன். சொன்ன பிறகு லீவு லெட்டர் ஞாபகம் வந்து எனக்கே சிரிப்பு. "சரி, அவனையே கேளு. அவன் சொல்லட்டும், நான் வாயை மூடிக்கிறேன்" என்று விட்டுவிட்டார்.

அதனால் கேட்கிறேன். மாத்திரையை நிறுத்தியது சரிதானே? ஆமாம், இல்லை என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடு. அத்தான் முகத்துக்கு நேராக நீட்டுகிறேன்.

உன் அன்பு அக்கா

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. மூச்சுவிட நேரமில்லாத வேலை.

நீ கேட்டது. உடம்புக்கு ஒத்துக்கொண்டால் நல்லதுதான். ஒவ்வொருவர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி. எதற்கும் நேரம் கிடைக்கும்போது டாக்டரம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். அத்தானிடம் சண்டை போடாதே.

புதுப் பெட்டி வந்திருக்கிறது, எலுமிச்சை வாசத்தோடு. ஆறு அனுப்பியிருக்கிறேன்.

அன்புத் தம்பி
சுண்டு

ஜூன் 20

அன்புள்ள சுண்டுவுக்கு,

பெட்டிகள் கிடைத்தன. "நல்லதுதான்" என்று நீ எழுதியதைக் காட்டியதும் அத்தான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். டாக்டரம்மாவிடம் போகவில்லை. போனால் திட்டுவாள். நீ சொன்ன பிறகு அவளை எதற்குக் கேட்க வேண்டும்?

உடம்பு கொஞ்சம் அசதிதான். தண்ணீர் குடித்து மாளவில்லை. ஊசியில் நூல் கோக்கப் பாப்பாவைக் கூப்பிட வேண்டியிருக்கிறது, கண் மங்கலடிக்கிறது. வயசாகிறதில்லையா.

போன மாதம் மிஷின் ஊசி ஒடிந்து கீழே விழுந்தது. எங்கே போனது என்று தேடினேன், கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து என் வலது காலிலிருந்து பாப்பாதான் பிடுங்கி எடுத்தாள். இரண்டு நாளும் அந்தக் காலால்தான் மிஷினை மிதித்திருக்கிறேன்! துளி வலியில்லை. கொடுத்துவைத்த கால் என்று சிரித்தோம்.

ஆனால் அந்தப் புண் ஆறவில்லை. ஓரமெல்லாம் கறுத்துப்போய், ஒரு வாடை வருகிறது. யூனிஃபார்ம் வாங்க வந்தவர்கள் மூக்கைச் சுளித்தபோது எனக்கு அவமானமாகிவிட்டது. துளசி இலையைக் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரில் தினமும் கழுவுகிறேன். சரியாகிவிடும் இல்லையா?

உன் அன்பு அக்கா

ஜூன் 28

அக்கா,

இதைப் படித்த கையோடு ஆஸ்பத்திரிக்குப் போ. மிஷினில் துணி இருந்தால் அப்படியே விட்டுவிட்டுப் போ. மாத்திரை நிறுத்தியதையும், எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் மறைக்காமல் சொல்.

அக்கா, பெட்டியில் இருப்பது பொய். சர்க்கரை என்ற சொல்லைப் போடச் சொன்னது மேலாளர். அந்தக் கடைசி வரியை யாரும் கேட்கவில்லை, நானாகப் போட்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு கையில் சோற்றைப் பிசைந்துகொண்டே எழுதினேன். அதை எந்த டாக்டரும் பார்க்கவில்லை. துளசி தொண்டைக்கு இதம், சளி இருமலுக்கு எல்லா வீட்டிலும் குடிப்பார்கள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. உன் மாத்திரைக்கு அது ஈடாகாது.

ஏப்ரலிலேயே இதை எழுதினேன். எழுதிக் கிழித்தேன். நீ அட்டையை ஒட்டி வைத்திருந்தாய். "என் தம்பி எழுதினது" என்று காட்டிக்கொண்டிருந்தாய். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் என் எழுத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறார், அதைக் கிழிக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அத்தானுக்கு போன் செய்யலாம் என்று எடுத்தேன். அவர் குரலைக் கேட்கத் தைரியம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். போய்விட்டு வந்து ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

சுண்டு

ஆகஸ்ட் 17

தம்பிக்கு,

உன் கடிதம் ஜூலை நாலாம் தேதி வந்தது. படித்ததும் அத்தானிடம் நீட்டினேன். அவர் அப்படியே என்னைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார்.

வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இதை வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. "ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா ரெண்டு விரலோட போயிருக்கும்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நீ கடிதத்தைத் தபாலில் போட்டு, அது என் கைக்கு வர ஆறு நாள். அத்தான் விரல் விட்டு எண்ணினார். "போன் பண்ணியிருக்கலாமே அவன்" என்று ஒரே ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு உன்னைப் பற்றிய பேச்சு இந்த வீட்டில் இல்லை.

டாக்டரம்மா, "யார் சொல்லி மாத்திரையை நிறுத்துனீங்க?" என்று கேட்டாள். "யாரும் சொல்லல, நானாத்தான்" என்றேன். பழக்கதோஷம். உனக்காக அடி வாங்குவது எனக்குப் புதிதில்லை. ஆனால் அன்று வாங்கிய அடி சாயங்காலத்துக்குள் ஆறிவிட்டது.

மிஷினை இப்போது பாப்பா மிதிக்கிறாள். கல்லூரியை விட்டுவிட்டாள். நான் கட்டிலில் உட்கார்ந்து பொத்தான் தைக்கிறேன். சில நேரம் இல்லாத பாதம் அரிக்கிறது. ஊசி குத்தியபோது வலிக்காத கால், இப்போது இல்லாமல் போன பிறகு வலிக்கிறது.

துளசி மேல் எனக்குக் கோபம் இல்லை. நேற்றுகூடத் தொண்டை கட்டியதற்கு மிளகு போட்டுக் குடித்தேன். இதமாகத்தான் இருந்தது. மாத்திரையும் போடுகிறேன்.

அந்த அட்டையைப் பாப்பா சுவரிலிருந்து சுரண்டி எடுத்துவிட்டாள். பாதிதான் வந்தது, மீதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே பெட்டி இன்னும் கடைகளில் அடுக்கியிருக்கிறதாம், அந்த வரியோடு. அதை என்ன செய்வது என்று உனக்குத் தெரியும். நான் சொல்லித் தர மாட்டேன்.

"திட்டியாவது எழுது" என்று கேட்டிருந்தாய். திட்ட வரவில்லை. உன் கடிதங்களை எடுத்து வரிசையாகப் படித்தேன். மே மாதக் கடிதத்தை மட்டும் பத்து முறை படித்திருப்பேன். நடந்தது எல்லாம் தெரிந்த பிறகும், "நல்லதுதான்" என்ற இடம் வந்ததும் என் மனசு சமாதானமாகிவிடுகிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் இனிமேல் எனக்கு எழுதாதே, சுண்டு. எழுதினால் நான் நம்பிவிடுவேன்.

அக்கா