பிரைடி வீட்டுக் கலியாணத்துக்கு மூடிய தெரு

10 மே 1993, திங்கள்

காலையிலிருந்து தூறல். நான் வேலை பார்க்கிற ஹோல் மண்டபத்தின் நிலத்தை இரண்டு தரம் துடைத்தும் கறுப்புக் கோடுகள். நேற்றைய கராட்டி வகுப்பின் வேலை.

பதினொரு மணிக்கு டெரிக். ஹோல் மனேச்சர். தகப்பன் தேடி வைத்த சொத்து என்ற நடை. மூன்று வருசமாகியும் புவனேஸ்வரி என்ற என் பெயர் அவர் வாயில் நுழையவில்லை, 'பெவ்' ஆக்கிவிட்டார். பழகிவிட்டது.

இன்று பெவ் கூட இல்லை. 22ஆம் திகதிக் கலியாணத்தை யார் பதிந்தது என்று ஒரே சத்தம். நான்தான். போன மாதம் ஒரு பொம்பிளை போனில் கேட்டாள், நாள் வெறுமையாக இருந்தது, கொடுத்தேன். சனிக்கிழமை அவள் மகளோடு வந்து வாசல் அகலத்தை அளந்திருக்கிறாள், டெரிக் கண்டிருக்கிறார். ஐரிஷ் டிராவலர்ஸாம். கேரவனில் வாழ்கிற சனம். டெரிக் வேறொரு சொல் சொன்னார், அதை இதில் எழுதமாட்டேன்.

"குரலைக் கேக்கவே விளங்கேல்லையோ?" என்று கேட்டார். எனக்கு அவள் குரலும் டெரிக்கின் குரலும் ஒன்றுதான். எல்லாம் வெள்ளைக்கார இங்கிலீஷ். ஊரில் நாங்கள் 'எந்தப் பகுதி, ஆரின்ர ஆக்கள்' என்று சாதியைச் சுற்றி வளைத்துக் கேட்டுத்தான் ஒருவரைத் தள்ளி வைப்போம். இவர்களுக்கு ஒரு ஹலோ போதுமாம்.

உத்தரவு: பொய்லர் பழுது என்று சொல்லி நிறுத்து. இல்லாவிட்டால் நீயும் வேறு வேலை பார்.

வாங்க: பால், வெங்காயம், தலையிடிக் குளிசை.

13 மே, வியாழன்

காற்று. வெய்யில் வந்து வந்து போனது. குடை முறிந்தது.

நான் போனில் வரச் சொன்னபடி அந்தப் பொம்பிளை வந்தாள். பெயர் பிரைடி. என் வயதுதான் இருக்கும். பின்னால் கலியாணப் பெண் காத்லீன், பதினெட்டு வயது, காதில் பெரிய வளையம், தலைமயிர் இழுத்துக் கட்டி. பொய்யை பஸ்ஸிலேயே பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தேன். இருவருக்கும் கதிரை போட்டு, ரீ கொடுத்து, தொண்டையைச் செருமினேன்.

பிரைடி முந்திக்கொண்டாள். "பொய்லரோ, கூரையோ?"

என் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"போன ஹோலில கூரை ஒழுகுது எண்டவை. அதுக்கு முன்னம் ரெண்டு இடத்தில பொய்லர். ஒரு இடத்தில மனேச்சரின்ர தாய் செத்துப்போனா. பாவம் மனிசி, அடுத்த கிழமை அவவை மார்க்கெட்டில கண்டனான்."

சிரிக்காமல் சொன்னாள். பெண் தன் ரீக் கோப்பையையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அவளுக்கு இது மனப்பாடம் என்று தெரிந்தது.

"கதிரை எத்தினை வேணும் எண்டு கேக்கத்தான் கூப்பிட்டனான்" என்றது என் வாய். என்னைக் கேட்டுச் சொல்லவில்லை.

டெரிக்கிடம் நிறுத்தியாயிற்று என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமைகளில் அவர் கால்பந்துக்குப் போகிறவர், கதவுத் திறப்பு என்னிடம். சமாளிக்கலாம். சமாளிக்கலாமா?

16 மே, ஞாயிறு

வெக்கை. ஹோலுக்கு எதிரே செல்வம் அண்ணையின் கடை. என் மனிசனும் நானும் அரிசி எடுக்கப் போனோம். தெரு முழுக்க டிராவலர்ஸ் கலியாணக் கதைதான். எப்படிப் பரவியது என்று தெரியவில்லை.

"அதுகள் சொந்தத்துக்குள்ளதான் கட்டுங்களாம். மச்சானும் மச்சாளும்" என்றார் செல்வம் அண்ணை. என் சொந்த மாமாவின் மகனாகிய இவர் பருப்புப் பைகளை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பெட்டையளைத் தனிய ஒரு இடமும் விடாயினமாம்." இது, மகளை ரியூசனுக்குக் கொண்டுபோய் விட்டு, முடியும்வரை காருக்குள் காவல் இருக்கிற அதே செல்வம் அண்ணை சொன்னது.

"கழுத்து நிறைய நகையாம். ஆயிரம் சனமாம். குடிச்சுப்போட்டு வெட்டுக் குத்தாம்." போன ஆவணியில் அவர் தங்கையின் கலியாணத்தில் வீடியோக்காரனுக்கு அடி விழுந்ததை மறந்துவிட்டார். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. இருமி மறைத்தேன்.

"நான் அண்டைக்குக் கடை திறக்கமாட்டன். எல்லாரும் பூட்டப்போயினம்."

வீட்டில் இவருக்கு உள்ளதைச் சொன்னேன்.

"உமக்கேன் இந்தத் தேவையில்லாத வேலை? எங்கட பேப்பர் ஹோம் ஒபிசில கிடக்குது."

விசா புதுப்பிக்க அனுப்பி எட்டு மாதம். பக்கத்து வீட்டுப் பூனை செத்தாலும் இதைத்தான் சொல்வார். ஆனால் பயம் பொய்யில்லை. எனக்கும் அந்தக் கடித உறையை நினைத்தால் நித்திரை வராது.

19 மே, புதன்

நல்ல வெய்யில். கடைக் கண்ணாடிகளில் கடதாசி ஒட்டியிருக்கிறது. பேக்கரி, மருந்துக் கடை, தலைமயிர் வெட்டுகிற இடம், இரண்டு பப். எல்லாவற்றிலும் 'சனிக்கிழமை மூடப்படும்'. ஒன்றிலும் காரணம் இல்லை. ஒரே கை எழுதின எழுத்து. யார் இப்படிக் கடை கடையாகப் போய் எழுதிக் கொடுத்தார்கள்? பேக்கரிக்காரியைக் கேட்டேன், பாண் வெட்டுகிற மெசினைப் போட்டுவிட்டாள்.

பின்னேரம் ஒரு பொலிஸ்காரர். இளம் ஆள், மரியாதை.

"திறப்பு ஆரிட்டை?"

"என்னட்டை."

"அது துலைஞ்சு போனாலும் ஒருத்தரும் உங்களைக் குறை சொல்லமாட்டினம்."

சிரித்துக்கொண்டே சொன்னார். தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

கலியாணம் நிற்கவில்லை என்று இனி டெரிக்குக்கும் தெரிந்திருக்கும். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது "நல்ல வெய்யில், பெவ்" என்றார். அதுதான் பயமாக இருந்தது.

22 மே, சனி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

இவர் பெற்றோல் செட் ஷிப்டுக்கு ஏழு மணிக்கே போய்விட்டார். நான் பத்தரைக்கு இறங்கினேன். பிரைடிக்கு வரவேற்க ஆள் ஒருவரும் கிடைக்கவில்லை என்று, எங்கள் பன்னீர்ச்செம்பையும் கற்கண்டுத் தட்டையும் பைக்குள் வைத்தேன். வாசலில் யாராவது ஒருவர் நின்று வாருங்கள் என்று சொல்ல வேண்டாமா?

வானத்தில் ஒரு துண்டு முகில் இல்லை. தெருவில் ஒரு குருவி இல்லை. இரண்டு பக்கமும் ஷட்டர் இழுத்து, பட்டப் பகலில். ஊரில் ஊரடங்குச் சட்ட நேரம் தெரு இப்படித்தான் கிடக்கும், அதே வெறுமை. என் செருப்புச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. பஸ் வந்தது, நிற்காமல் போனது. ஓட்டுநர் நேரே பார்த்துக்கொண்டு போனான். மூலையில் பொலிஸ் வான், உள்ளே ஆறேழு பேர் சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டு.

ஆனால் தெரு காலியில்லை. அதுதான் உடம்பைக் கூசப் பண்ணியது. மூடிய பேக்கரிக்குள் றேடியோ மெல்லப் பாடியது. செல்வம் அண்ணையின் ஷட்டருக்குப் பின்னால் யாரோ தும்மினார்கள். மேல்மாடித் திரைச்சீலைகள் ஒவ்வொன்றிலும் ஒரு விரல் அகல இடைவெளி.

திறப்பைப் போட்டேன். சுழலவில்லை. குனிந்து பார்த்தேன். பூட்டுப் புதிது. பழைய கதவில் பளபளவென்று.

கோயின்பெட்டிப் போனிலிருந்து டெரிக் வீட்டுக்கு அடித்தேன். ஒருவரும் எடுக்கவில்லை. கதவைத் தட்டினேன். உள்ளே பலகை நெரிந்ததாக ஒரு சத்தம். பழைய கட்டிடம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு தூரத்தில் குதிரைக் குளம்பு. சேர்ச்சிலிருந்து வருகிறார்கள்.

வெள்ளைக் குதிரை, வண்டி, பின்னால் வரிசையாகக் கார்கள். காத்லீனை இறக்க நான்கு பேர் சட்டையைத் தூக்க வேண்டியிருந்தது. அத்தனை பெரிய வெள்ளை நான் கண்டதில்லை. இருநூறு பேர் இருக்கும். என் முகத்தைப் பார்த்த உடனே பிரைடிக்கு விளங்கிவிட்டது. பூட்டைப் பார்த்தாள். பொலிஸ் வானைப் பார்த்தாள். வானின் பக்கக் கதவு இப்போது திறந்திருந்தது.

திரும்பி, சத்தம் போடாமல், "கை" என்றாள்.

ஆம்பிளைகள் எல்லோரும் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டார்கள். கிழவன், குமரன், ஏழு வயதுப் பையன், எல்லோரும். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. நூறு ஆம்பிளைகள் வெய்யிலில் கை தெரியாமல் நின்றார்கள். ஒரு சத்தமும் இல்லை. குதிரை மூச்சு விட்டது கேட்டது.

"ஒருத்தரும் அந்தக் கதவைத் தொடக்கூடாது" என்றாள் பிரைடி. "ஒரு கண்ணாடி வெடிச்சாலும் அதுக்குத்தான் அவங்கள் காத்திருக்கிறாங்கள்."

எனக்கு வெட்கம், ஆத்திரம், அழுகை எல்லாம் ஒன்றாக. என்ன செய்வதென்று தெரியாமல் பன்னீர்ச்செம்பை எடுத்துத் தெளித்தேன். முன்னால் நின்ற கிழவன் பையிலிருந்து ஒரு கையை எடுத்துத் தொப்பியைக் கழற்றி, குனிந்து, சிலுவை போட்டான். சேர்ச் தண்ணீர் என்று நினைத்துவிட்டான். அவன் பின்னால் ஒவ்வொருவராக வரிசையில் வந்தார்கள். நான் திருத்தவில்லை. எல்லோருக்கும் தெளித்தேன். காத்லீன் முகத்தை ஏந்திக் காட்டினாள், கண் மை கரைந்தது.

தெருவிலேயே கலியாணம். கேக்கைக் கார் முன்மூடியில் வைத்து வெட்டினார்கள். ஒருத்தன் வாத்தியம் இல்லாமல் பாடினான். காத்லீனும் தகப்பனும் நடு றோட்டில் மெதுவாக ஆடினார்கள், அந்த ஷட்டர்களுக்கு முன்னால், அந்தத் திரைச்சீலைகளுக்குக் கீழே. கைதட்டல் கூடக் கிடையாது. நாலரைக்கு முடித்தார்கள். பொம்பிளைகள் குனிந்து கடதாசிப் பூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். ஐந்து மணிக்கு நான் கடைசியாகத் திரும்பிப் பார்த்தேன். ஹோல் யன்னல்கள் எல்லாம் முழுசாக இருந்தன. அதை நல்லாகக் கவனித்தேன்.

இவர் ஆறரைக்கு வந்தார். ஷிப்ட் எப்படி? "பரவாயில்லை." நேரே குளிக்கப் போய்விட்டார்.

23 மே, ஞாயிறு

மப்பு. கோயிலில் அர்ச்சனை. பிரசாத வரிசையில் எனக்கு முன்னால் ஒருத்தி: "நேற்று அந்தக் கலியாணத்தில பெரிய வெட்டுக் குத்தாம். றோட்டெல்லாம் இரத்தமாம்."

"நான் அங்கதான் நிண்டனான். ஒண்டும் நடக்கேல்லை."

இரக்கமாகப் பார்த்தாள். "பயத்தில கவனிச்சிருக்கமாட்டியள், அக்கா."

புளியோதரையில் உப்பில்லை.

24 மே, திங்கள்

மழை. ஹோலின் முன் யன்னல் உடைந்து கிடக்கிறது. டெரிக் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். டிராவலர்ஸ் சனிக்கிழமை உடைத்தார்களாம். ஞாயிறு காலையே பொலிஸ் போய்ப் பிரைடியின் மூத்த மகனைக் கேரவனிலிருந்து கொண்டுபோய்விட்டார்களாம்.

"நீ பார்த்தனிதானே, பெவ். நாளைக்குப் போய் அவங்களுக்குச் சொல்லு. சொன்னால், கலியாணத்தை நிறுத்தியாச்சு எண்டு நீ சொன்ன பொய்யை நான் மறந்துபோடுவன்."

கூட்டச் சொன்னார். தும்புத்தடியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். உள்ளே ஒரு சில்லுகூட இல்லை. கண்ணாடி முழுக்க வெளியே, நடைபாதையில். உடைத்தவன் உள்ளே நின்றவன். புதுப் பூட்டின் திறப்பு ஒருவரிடம்தான்.

சனிக்கிழமை நான் தட்டும்போது பலகை நெரிந்தது. அப்போது டெரிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறார். ஒரு முழத் தூரம் இருக்குமா? நாள் முழுக்க லைற் போடாமல் அங்கேயே இருந்திருக்கிறார்.

நடைபாதையைக் கூட்டி முடித்தேன்.

25 மே, செவ்வாய்

மழை விட்டுவிட்டது. பத்து மணிக்குப் பொலிஸ் ஸ்டேசன். அதே இளம் ஆள், அதே மரியாதை. பார்த்ததை எல்லாம் சொன்னேன். ஐந்து மணிக்கு யன்னல் முழுசு. கண்ணாடி வெளியில் கிடந்தது. திறப்பு டெரிக்கிடம்.

"அஞ்சு மணிக்குப் பிறகு நீங்கள் அங்க இல்லை."

"இல்லை."

"வேற ஆர் பார்த்தது?"

"தெரு பூட்டிக் கிடந்தது."

"அப்ப, உங்கட சொல்லு மட்டும்தான்" என்றார். வேறு ஒருவர், டெரிக்கை நேரில் கண்ட ஒருவர் வந்து சொன்னால் பெடியனை இன்றைக்கே விடலாமாம். சொன்னதில் பொய் தெரியவில்லை. வெளியே வாங்குப் பலகையில் பிரைடி இருந்தாள், கலியாணத்துக்குப் போட்ட அதே சப்பாத்தோடு. என்னைப் பார்த்து எழும்பினாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். திரும்பவும் இருந்தாள்.

இன்று இவருக்கு இரவு ஷிப்ட். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். பிறகு தட்டைப் பார்த்தபடி:

"கதிரையாலதான் அடிச்சவன். ரெண்டாந்தரம்தான் உடைஞ்சது."

கதிரை என்று நான் சொல்லவே இல்லை. கரண்டி கையிலேயே நின்றது.

"செல்வம் அண்ணையின்ர கடைக்குள்ள நிண்டனாங்கள். பத்துப் பேர் இருக்கும். ஷட்டர் ஓட்டைக்குள்ளால எல்லாம் வடிவாத் தெரிஞ்சது. சனம் போய் ஒரு மணித்தியாலத்தால டெரிக் லைற் போட்டான், அடிச்சான், பின்பக்கத்தால போனான்."

நாள் முழுக்க. நான் கதவைத் தட்டினபோது. நான் செம்பை வைத்துக்கொண்டு நின்றபோது. அந்தப் பிள்ளை ஆடினபோது. இத்தனை வருசம் ஒரே பாயில் படுத்த மனிதன் அந்த இருட்டுக்குள் நின்று என்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"எழும்புங்கோ. இப்பவே போவம். ஒரு தாயின்ர பிள்ளை உள்ளுக்க இருக்கிறான்."

எழும்பினார். கை கழுவினார். துவாயில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். மடித்து விட்டிருந்த சேர்ட்டுக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டார். வருகிறார் என்றுதான் நினைத்தேன், செருப்பைக் கூடப் போட்டுவிட்டேன்.

"ஆர் கேட்டாலும் நான் சனிக்கிழமை ஷிப்டில நிண்டனான், புவனம்" என்றார்.