வெள்ளிக்கிழமை என்று முடிந்த வாக்கியம்

ஆவணி 2, திங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் இன்று ‘கெட்’ நடத்தினேன். தூங்கி எழுவது, பாலக்கோட்டில் பஸ்ஸை விட்டு இறங்குவது, தக்காளிக்கு விலை கிடைப்பது, காய்ச்சல் வருவது, எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல் போதும் என்று சொல்லி, ஆளுக்கொரு வாக்கியம் கேட்டேன். மஞ்சுளா எழுந்து, “ஐ கெட் மேரீட் ஆன் ஃப்ரைடே” என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். வகுப்பில் வேறு யாரும் சிரிக்கவில்லை. ஆடி முடிந்துவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மணி அடித்ததும் அவளே வராந்தாவில் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா பையன்தாங்க மிஸ். யார்கிட்டயும் சொல்லிராதீங்க. சொன்னா அப்பா என்னய ஒண்ணும் பண்ண மாட்டாரு. அம்மாவத்தான் போட்டு அடிப்பாரு.”

சொல்லிவிட்டேன். பாடப்புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கிற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சாயங்காலமே பேசிவிட்டேன். வேறென்ன செய்வது? பதினாலு வயசு. காலையில் அவள் வீட்டுக்குப் போகிறார்களாம். என் பெயரை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டார்களாம், பயப்பட வேண்டாமாம்.

அவள் அம்மாவின் பெயர் என்னவென்றுகூட நான் கேட்கவில்லை.